அம்மா பார்த்த சிவப்புக் கோடுகள்

"எழுதுறதெல்லாம் சரியாத்தான் இருக்கா பாப்பா?"

அம்மா இதை ஒரே ஒரு முறைதான் கேட்டாள். மாசி மாதத்தில் ஒரு காலை. நான் மடிக்கணினியைத் திறந்து வேலைக்கு உட்கார்ந்து அரை மணி நேரம் ஆகியிருக்கும். அவள் என் முதுகுக்குப் பின்னால் நின்று, கையில் பாதி கொட்டை எடுத்த புளியோடு, திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மாவுக்குக் கையெழுத்துக்கூட வராது. ரேஷன் கடையில் இன்றைக்கும் பெருவிரல்தான்.

"நான் எம்.ஏ. தமிழ் படிச்சவம்மா. நான் எழுதுறது சரியா தப்பான்னு நீ பாக்கப் போறியா?" என்றேன்.

அம்மா புளியோடு அங்கிட்டுப் போய்விட்டாள். அன்றைக்கு அவளுடைய வலது மார்பில் ஒரு கட்டி இருந்தது. அதை என்னிடம் சொல்லலாமா, இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கலாமா என்று முடிவு செய்வதற்காகத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாள். அந்தக் காரணம் எனக்குத் தெரியவந்தபோது ஆவணி முடிந்திருந்தது.

எங்கள் ஊர் ஆவுடையார்கோவிலிலிருந்து எட்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. கண்மாய் நிறைந்தால் ஒரு போகம் நெல். இல்லாவிட்டால் அப்பா வெளியூரில் கட்டட வேலைக்குப் போவார், அம்மா நூறு நாள் வேலைக்குப் போவாள். அந்தத் தை மாதம்தான் எனக்கு வேலை கிடைத்திருந்தது. இணையத்தில் பாடம் நடத்தும் ஒரு நிறுவனத்துக்கு ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரைக்கும் தமிழ்வழிக் கேள்விகளும் விடைகளும் எழுதித் தர வேண்டும். வீட்டிலிருந்தே செய்யலாம். மடிக்கணினி அவர்களே அனுப்பினார்கள். அது வந்த பெட்டியை அம்மா மடிக்காமல் பரணில் எடுத்து வைத்தாள்.

வேலையில் சேர்ந்த அன்று அம்மாவிடம் ஒன்று சொன்னேன். பெருமையாகச் சொன்னேன். "ஆறு மாசம் பாப்பாங்கம்மா. தப்பில்லாம எழுதுனா நிரந்தரம் பண்ணுவாங்க. தப்பு இருந்தா அனுப்பிருவாங்க." அவர்கள் எவ்வளவு கண்டிப்பானவர்கள், அவர்களிடமே நான் தேறிவிட்டேன் என்று காட்டிக்கொள்ளச் சொன்னது அது.

எழுதுவது இணைய உலாவியில், ஒரு பக்கத்துக்குள் இருக்கும் கட்டத்தில். அந்த உலாவியின் எழுத்துப்பிழை பார்க்கும் கருவிக்கு ஆங்கிலம் ஒன்றுதான் தெரியும். நான் எந்தத் தமிழ்ச் சொல்லை அடித்தாலும் அதன் அடியில் சிவப்பாக, நெளிநெளியாக ஒரு கோடு விழும். ஒரு பத்தி எழுதினால் பத்தி முழுக்கச் சிவப்பு. முதல் இரண்டு நாள் கண்ணை உறுத்தியது. மூன்றாம் நாளிலிருந்து தெரியவில்லை. மெயின் ரோட்டுக்குப் பக்கத்தில் வீடு இருப்பவர்களுக்கு லாரிச் சத்தம் கேட்காமல் போவதுபோல அது போய்விட்டது. கூட வேலை பார்க்கும் பெண் ஒருத்தி போனில் பேசும்போது, அதை மாற்றலாம், தமிழ் அகராதியைப் போட்டுக்கொள்ளலாம் என்று சொன்னாள். அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன். உள்ளுக்குள் ஒரு திமிரும் இருந்தது. என்னிடம் பிழை இல்லை, இதற்குத்தான் என் மொழி தெரியவில்லை, கிடக்கட்டும் என்று.

அம்மா சிவப்புக் கோட்டைப் படிக்கத் தெரிந்தவள். அதை நான் மறந்துபோனேன்.

நான் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போதே அவள் என் நோட்டுகளை வாங்கிப் பார்ப்பாள். எழுத்து ஒன்றும் தெரியாது. ஆனால் டீச்சரின் சிவப்பு மை தெரியும். சாய்வாக ஒரு இழுப்பு இருந்தால் சரி. பக்கத்தை அப்படியே புரட்டிவிடுவாள். ஒரு சொல்லுக்கு அடியில் கோடு இருந்தால் அது தப்பு. அந்தச் சொல்லை நான் கீழே பத்து முறை எழுத வேண்டும். பத்து இருக்கிறதா என்று விரலை வைத்து எண்ணுவாள். ஒருமுறை ஏமாற்றப் பார்த்தேன், ஒன்பது முறை எழுதிவிட்டு ஓடினேன். அடுப்படியிலிருந்தே கூப்பிட்டு உட்கார வைத்தாள். "கோடு போட்டது போட்டதுதான். எழுது" என்றாள். பள்ளிக்கூடத்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் கோடுதான். அதை வைத்தே என்னைக் கல்லூரி வரைக்கும் கொண்டுவந்து விட்டாள்.

அப்படிப்பட்டவள் தினமும் என் திரையைப் பார்த்தாள். எல்லாச் சொல்லுக்கும் அடியில் கோடு. ஒரு நாள்கூடக் குறையவில்லை. பத்து முறை எழுதும் வேலையும் நான் செய்யவில்லை. கேட்டதற்கும் வெடுக்கென்று பேசிவிட்டேன். மகளுக்கு வேலை போகப் போகிறது, அது அவளுக்கும் தெரிந்திருக்கிறது, அதனால்தான் கோபப்படுகிறாள் என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களை இப்போது எண்ணிப் பார்க்கும்போது எல்லாம் வேறு மாதிரித் தெரிகிறது. கிழக்குத் தெருவிலிருந்து ஒரு பெண் விதவைப் பென்ஷனுக்கு மனு எழுதித் தரச் சொல்லி வந்தார். நான் உள்ளே இருந்தேன். அம்மா வாசலிலேயே மறித்து, "அவளுக்கு நேரமில்லங்க, ஆவுடையார்கோயில்ல எழுதுறவங்ககிட்டப் போயிருங்க" என்று அனுப்பிவிட்டாள். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. ஊரில் ஒரு மனு எழுதிக் கொடுக்கக்கூட நான் லாயக்கில்லையா என்று கத்தினேன். என் எழுத்து ஊருக்குள் போய் அங்கேயும் யாராவது கோடு போட்டுவிடக் கூடாது என்று அவள் காவல் நின்றிருக்கிறாள்.

நூறு நாள் வேலையில் பெண்கள் அவளைக் கேலி செய்வார்களாம். "ஒம்மவ நெசமாவே வேலை பாக்குதா, இல்ல யாருகூடயாச்சும் கடலை போடுதா?" என்று. முன்பெல்லாம் அம்மா சண்டைக்குப் போவாள். அந்த வருஷம் மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாளாம். திங்கட்கிழமை தவறாமல் ஆவுடையார்கோவிலுக்குப் போய்வரத் தொடங்கினாள். என் கல்யாணத்துக்காக வேண்டுகிறாள் என்று நினைத்து அதற்கும் ஒரு நாள் எரிந்து விழுந்தேன்.

ஆடி மாதக் கடைசியில் நிரந்தரம் ஆனது. மின்னஞ்சலைப் படித்து முடித்ததும் கத்திக்கொண்டு ஓடிப்போய்ச் சொன்னேன். அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எழுத்துலயே குடுத்துட்டாகளா?" என்று கேட்டாள். கொடுத்துவிட்டார்கள் என்றேன். "இனிமே மாத்த மாட்டாகளே?" மாற்ற மாட்டார்கள் என்றேன். இரண்டு முறை கேட்டாள், இரண்டு முறை சொன்னேன்.

மறுநாள் காலை, நான் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, சந்தைக்குப் போய்வரலாமா என்று கேட்கும் குரலில் சொன்னாள்: "பாப்பா, எனக்கு நெஞ்சுல ஒரு கட்டி இருக்கு. ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துருவமா?"

அறந்தாங்கி, பிறகு புதுக்கோட்டை, பிறகு தஞ்சாவூர். ஒவ்வொரு இடத்திலும் காகிதங்களைப் படிக்கத் தெரிந்த ஆள் நான்தான். அப்பா பையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நிற்பார். டாக்டரம்மா என்னைப் பார்த்தே பேசினார். படித்த பெண் என்று என்னிடம் எதையும் சுற்றி வளைக்கவில்லை. எத்தனை மாதமாக இருக்கிறது என்று அவர் அம்மாவிடம் கேட்டபோது, "தை மாசம் குளிக்கையில தட்டுப்பட்டுச்சுங்க. அப்ப சுண்டைக்கா மாதிரி இருந்துச்சு" என்றாள் அம்மா, என்னைப் பார்க்காமல். வெளியே வந்ததும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டேன் என்பது சரியில்லை, அத்தனை பேர் நடக்கும் தாழ்வாரத்தில் நின்று கத்தினேன். அம்மா, "வலிக்கலை, அதான்" என்றாள்.

காரணம் அடுத்த மாதம்தான் வந்தது. தஞ்சாவூரில் புற்றுக்குக் கை நரம்பு வழியாக மருந்து ஏற்றுவார்கள்; காலையில் போட்டால் மாலை வரைக்கும் சொட்டுச் சொட்டாக இறங்கும். இரண்டாம் முறை போயிருந்தோம். காலை பத்து மணி இருக்கும். அப்பா இட்லி வாங்கக் கீழே போயிருந்தார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் கணினியை வைத்து, அன்றைக்கு அனுப்ப வேண்டியதை எழுதிக்கொண்டிருந்தேன். ஏழாம் வகுப்புக்கு நீர்ப்பாசனப் பாடம். அம்மா கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

"இன்னமும் செவப்பாத்தான் கெடக்கு" என்றாள்.

எது என்று கேட்டேன். ஊசி குத்திய கையை அசைக்க முடியாமல், முகவாயால் திரையைக் காட்டினாள்.

"இம்புட்டுத் தப்பு இருந்தும் எப்படிப் பாப்பா நெரந்தரம் பண்ணுனாக?"

அதற்குப் பிறகு அவள் சொன்னதெல்லாம் விட்டுவிட்டுச் சொன்னது. தையிலேயே சொல்லத்தான் இருந்தாளாம். நான் ஆறு மாதக் கணக்கைச் சொன்னதும், ஒரு பத்து நாள் என் வேலை எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தாளாம். பார்த்தால் முழுக்கச் சிவப்பு. நான் ஆஸ்பத்திரிக்கு அவளோடு அலைய ஆரம்பித்தால் எழுதுவதற்கு நேரம் குறையும், தப்பு இன்னும் கூடும், வேலை போய்விடும். "ஒனக்கு வேலையும் போயி, எனக்கும் இப்படின்னா நீ தாங்க மாட்டே. நெரந்தரம் ஆவட்டும்னு இருந்தேன்" என்றாள். அதில் வருத்தமோ குற்றச்சாட்டோ இல்லை. சோறு வெந்ததும் இறக்கலாம் என்று இருந்தேன் என்பதுபோலச் சொன்னாள்.

நான் எழுந்து போயிருக்கலாம். அழுதிருக்கலாம். எனக்கு என்ன செய்வதென்றே தெரியாமல், அந்தக் கோட்டை எடுக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது. கணினியை அவள் பக்கம் திருப்பிக் கட்டில் ஓரத்தில் வைத்தேன்.

"பாரும்மா" என்றேன். எழுதும் கட்டத்துக்குள் வலது க்ளிக் செய்தேன். ஒரு பட்டியல் விழுந்தது. அதில் மொழிகள் என்ற இடத்துக்குப் போனால் ஆங்கிலம் மட்டும் டிக் ஆகி இருந்தது. அதற்குக் கீழே, அகராதி சேர்க்க என்று ஒரு வரி. அதைத் தொட்டால் இன்னொரு பக்கம் திறந்தது. உலகத்தில் உள்ள மொழியெல்லாம் வரிசையாக நின்றது. தமிழைத் தேடிப் பிடித்து அழுத்தினேன். ஆஸ்பத்திரியில் நெட் மெதுவாகத்தான் வரும். நீலப் பட்டை ஒன்று கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. அம்மா அதையே பார்த்தாள். மேலே மருந்து சொட்டிக்கொண்டிருந்தது. பட்டை நிறைந்ததும் திரும்பி வந்து, மறுபடி வலது க்ளிக், மறுபடி மொழிகள், தமிழ் என்று தொட்டேன்.

சிவப்பு போய்விட்டது. ஒரேயடியாக அல்ல, மேலிருந்து கீழே, வரி வரியாக. அம்மா தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"யாரு அழிச்சா?"

"யாரும் அழிக்கலம்மா. இதுக்கு இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும். தமிழைப் பாத்தா எல்லாத்தையும் தப்புன்னு கோடு போட்டுரும். இப்பத் தமிழ் அகராதியைக் குடுத்திருக்கேன்."

"அப்ப அதுக்குத்தான் தெரியலையா? ஒனக்கில்லையா?"

"எனக்கில்லம்மா."

"ஒண்ணு ரெண்டு இன்னும் கெடக்கே?"

கிடந்தது. கண்மாய் என்ற சொல்லுக்கு அடியில் கோடு அப்படியே இருந்தது. மடை, கலிங்கு என்ற சொற்களுக்கு அடியிலும். அவள் கேட்கக் கேட்க ஒவ்வொன்றையும் படித்துக் காட்டினேன். கண்மாய் எப்படித் தப்பாகும் என்று கேட்டாள். தப்பில்லை, அந்த அகராதியைச் செய்தவர்கள் கண்மாயைச் சேர்க்க விட்டுவிட்டார்கள் என்றேன். "அப்ப நீ சேத்துவிடு" என்றாள். ஒவ்வொரு சொல்லின் மேலும் வைத்து, அகராதியில் சேர் என்பதை அழுத்தினேன். கடைசிக் கோடும் போனது. எல்லாம் சேர்ந்து பத்து நிமிஷம் ஆகியிருக்காது. அப்பா இட்லியோடு வருவதற்குள் முடிந்துவிட்டது.

"நீ அன்னைக்குக் கேட்டப்பவே நான் ஒழுங்காச் சொல்லியிருக்கணும்மா" என்றேன்.

"நீ சொன்னேல்ல, எம்.ஏ. படிச்சவன்னு. அது பதிலுதான். எனக்குத்தான் வெளங்கல" என்றாள்.

பிறகு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. மகள் தப்பாக எழுதவில்லை என்று அவளுக்கு அன்று சந்தோஷம்தான் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். உண்மையில் எனக்குத் தெரியாது. அத்தனை மாதம் எதற்காகப் பொறுத்தாளோ அது இல்லவே இல்லை என்று அந்தப் பத்து நிமிஷத்தில் நான் அவளுக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறேன். ஒருவேளை அந்தக் கோடுகளை அப்படியே விட்டிருக்க வேண்டும். நிறுவனத்தார் நல்லவர்கள், தப்பை மன்னித்துவிட்டார்கள் என்று சொல்லியிருக்க வேண்டும்.

கார்த்திகையில் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மார்கழி பிறந்து ஒன்பதாம் நாள் வீட்டில்தான் போனாள். அதற்கு முந்தின வாரம் டாக்டரம்மாவிடம் தனியாகப் போய், தையிலேயே வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். சீக்கிரம் வந்தால் நல்லதுதான், ஆனால் ஒவ்வொருவர் உடம்பும் ஒவ்வொரு மாதிரி, உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். முடியாது என்று அவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு நான் சில நாள் தூங்கினேன். நல்லதுதான் என்றதை நினைத்துப் பல நாள் விழித்தேன்.

காரியம் முடிந்து மறுபடி வேலைக்கு உட்கார்ந்தபோது திரை வெள்ளையாக இருந்தது. நான் அடித்த எந்தச் சொல்லுக்கும் கோடு விழவில்லை. எனக்கு முதுகுப் பக்கம் திரும்பிப் பார்க்க வேண்டும்போல இருந்தது. பார்த்தேன். அப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து சட்டைப் பித்தானைத் தைத்துக்கொண்டிருந்தார். இங்கே வந்து இதைப் பாருங்கள் என்று கூப்பிட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. வந்து நின்று பார்த்தார். இதுதான் நான் எழுதுவது, இதில் தப்பு இருந்தால் மட்டும் சிவப்பாகக் கோடு வரும், இப்போது இல்லை என்று முதலிலிருந்து சொன்னேன். "சரிப்பா" என்றார். என் தலையில் கையை வைத்துவிட்டுப் போனார்.

அம்மாவோடு நூறு நாள் வேலைக்குப் போகும் ஒருத்தரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். சொந்தமில்லை, மூன்று வீடு தள்ளி இருப்பவர். பதினாறாம் நாள் முடிந்து எல்லாரும் போன பிறகு அவர் மட்டும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். கட்டி இருப்பது ஊரில் அவர் ஒருவருக்குத்தான் தெரியுமாம். அம்மா சத்தியம் வாங்கியிருந்தாளாம்.

"நான் சொல்லியிருக்கணும் மருமவளே. ஒங்க ஆத்தா வாயக் கட்டிப்புட்டா" என்று அழுதார். அவரைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அழுது ஓய்ந்து, சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்து, கிளம்புவதுபோல எழுந்தார். எழுந்தவர் நின்றார். மாதத் தூரம் நின்று நான்கு வருஷம் ஆன தனக்கு, ஐப்பசியிலிருந்து மறுபடி கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் படுகிறது, அது சும்மா உடம்புச் சூடுதானே என்று கேட்டார். கேட்டுவிட்டு, படித்த பிள்ளையிடம் இதையெல்லாம் கேட்கலாமோ கூடாதோ என்று உடனே வெட்கப்பட்டார்.

எனக்குத் தெரிந்த அளவுக்கு, எது தெரியாது என்பதையும் சேர்த்து, அவருக்குப் புரிகிறவரைக்கும் உட்கார்ந்து சொன்னேன். சூடாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், அதை டாக்டர்தான் பார்த்துச் சொல்ல முடியும் என்றேன். நாளைக்கே போகலாம் என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

"போவோம், போவோம். அறுப்பு முடியட்டும். நான் போயிட்டா வயக்காட்டப் பாக்க ஆளில்ல."

மறுநாள் விடிந்ததும் நிறுவனத்துக்கு ஒரு நாள் விடுப்பு எழுதி அனுப்பிவிட்டு, அத்தை வீட்டு வாசலில் போய் நின்றேன். முதல் பஸ்ஸில் அறந்தாங்கி போய், அங்கிருந்து புதுக்கோட்டைக்குப் போனோம். ஒன்பது மணிக்கெல்லாம் ஆஸ்பத்திரியில் அவர் பெயரில் சீட்டு எடுத்துவிட்டேன். அறுப்பு முடிய இன்னும் பதினைந்து நாள் இருந்தது.